இந்தத் தடவை அம்மாதான் முதல்ல குளிக்கணும்

போன வாரம் அம்மாகிட்ட போன்ல பேசும்போது, "ஆடியில எல்லாரும் குற்றாலம் போவோமாம்மா?"ன்னு கேட்டேன். உடனே பதில் வந்துச்சு. "போவோமே. நீங்கல்லாம் குளிங்க, நான் பையப் பாத்துக்கிறேன்."

எத்தனையோ தடவை கேட்ட வார்த்தைதான். அன்னைக்கு என்னவோ அதைத் தாண்டிப் போக முடியல. "நீ கடைசியா எப்பம்மா அருவியில குளிச்ச?"ன்னு கேட்டேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்ல. அப்புறம் சொன்னாங்க: "உங்க அப்பாவக் கட்டுறதுக்கு முன்னாடி. பெரியம்மா வீட்டுல இருந்து கூட்டிட்டுப் போனாங்க. அப்ப குளிச்சது."

அம்மாவுக்குக் கல்யாணம் 1978ல. எங்களுக்குச் சிவகாசி. குற்றாலம் ரெண்டு ரெண்டரை மணி நேரப் பயணம். எனக்கு நினைவு தெரிஞ்சு ஒரு பதினஞ்சு தடவையாவது குடும்பமாப் போயிருக்கோம். பதினஞ்சு தடவையும் அம்மா வந்திருக்காங்க. ஒரு தடவைகூட அருவிக்குக் கீழே நிக்கல. அதை இத்தனை வருஷம் நாங்க யாருமே கவனிக்கல. அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரல.

எங்க வீட்டுக் குற்றாலப் பயணம் எப்படி இருக்கும்னு சொல்றேன். உங்க வீட்டிலயும் அநேகமா இதேதான் நடந்திருக்கும். வாடகை வேன். அப்பா, சித்தப்பா, அத்தை குடும்பம்னு இருபது பேர். முந்தின நாள் சாயங்காலமே அம்மாவும் சித்தியும் புளிக்காய்ச்சல் போட்டு வைப்பாங்க. ராத்திரி ரெண்டு மணிக்கு எந்திரிச்சு சோறு வடிச்சுக் கிளறி, தூக்குவாளியில அடைச்சு, இட்லியில பொடி தடவி இலையில மடிச்சு, அஞ்சு மணிக்கு வேன் வரும்போது எங்களையும் எழுப்பிச் சட்டை மாட்டி விட்டிருப்பாங்க. கடையநல்லூர் தாண்டினதும் மலையில வெள்ளைக் கோடு தெரியுதான்னு ஆம்பளைங்க ஜன்னல்ல எட்டிப் பாப்பாங்க. அம்மா சாஞ்சு தூங்கிட்டிருப்பாங்க.

பேரருவிக்குப் போனதும் ஆம்பளைங்க எண்ணெயைத் தேய்ச்சுக்கிட்டு இறங்கிடுவாங்க. பிள்ளைங்க நாங்களும் பின்னாடியே ஓடுவோம். அம்மா ஒரு படிக்கட்டுல உக்காருவாங்க. மடியில தம்பி, ஒரு பக்கம் துண்டுப் பை, இன்னொரு பக்கம் சாப்பாட்டுப் பை, முந்தானை முடிச்சுல எல்லாரோட மோதிரமும் சங்கிலியும். குரங்கு பையை இழுத்திடாமப் பாக்கணும். நடுங்கிக்கிட்டு வர்ற பிள்ளைக்குத் தலை துவட்டணும், ஈரத்தைப் பிழியணும், இலை போட்டுப் பரிமாறணும். "நீங்களும் குளிச்சிட்டு வாங்களேன் மதினி"ன்னு அத்தை ஒரு வார்த்தை சொல்லுவாங்க. "இருக்கட்டும், நேரமாச்சு"ன்னு அம்மா சொல்லுவாங்க. உண்மையிலேயே நேரமாகியிருக்கும். ஆம்பளைங்க ரெண்டு மணி நேரம் குளிச்சு முடிச்சிருப்பாங்களே.

2018ல ஒரு தடவை பொம்பளைங்களும் குளிக்கிறதுன்னு முடிவு பண்ணித்தான் போனோம். அன்னைக்கும் வரிசை பழையபடிதான்: முதல்ல ஆம்பளைங்க, அவங்க வந்து பையை வாங்கினதும் நாங்க. நாங்க போய்ப் பெண்கள் வரிசையில நின்னோம். எங்களுக்கு முன்னாடி ஒரு முப்பது பேர் இருக்கும்போது விசில் சத்தம். அருவிக்கு முன்னாடி இருக்குற பாதுகாப்பு வளைவை, அந்த ஆர்ச்சைத் தண்ணி தொட்டிருச்சு, எல்லாரும் வெளிய வாங்கன்னு அறிவிப்பு. தடை போட்டாச்சு. தடை போட்டது சரிதான், அதுல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. ஆனா ஈரமே படாத சேலையோட அம்மா திரும்பி நடந்தது இப்பவும் கண்ணுல நிக்குது. "அடுத்த தடவை பாத்துக்கலாம்"ன்னு அப்பா சொன்னார். அடுத்த தடவை வர்றதுக்குள்ள அப்பாவும் போயிட்டார்.

அதனால இந்தப் பயணத்தை நான் தலைகீழாத் திட்டம் போட்டிருக்கேன். வீட்டுல வயசானவங்க, முழங்கால் வலிக்காரங்க, பொம்பளைங்க, இவங்கதான் முதல்ல அருவிக்குப் போறாங்க. தம்பியும் என் வீட்டுக்காரரும் பையோட படிக்கட்டுல. தண்ணி நம்மளுக்காகக் காத்துட்டு இருக்காது. ஒரு மணி நேரம் கழிச்சு விழுமா, தடை வருமா, யாருக்கும் தெரியாது. அப்படி இருக்கும்போது யார் முதல்ல போறாங்கங்கிறதுதான் கேள்வியே. வருஷா வருஷம் ஒரே ஆட்கள் கடைசியில நின்னா, வருஷா வருஷம் அவங்களுக்குத்தான் கிடைக்காமப் போகும்.

ஒரே நாள்ல போயிட்டு வர்ற பழக்கத்தையும் விட்டுட்டோம். மூணு நாள், ரெண்டு ராத்திரி. ஜூன் ஆரம்பத்துல தென்மேற்குப் பருவமழை பிடிச்சா சீசன் தொடங்கிடும், ஆகஸ்ட் வரைக்கும் இருக்கும். ஆனா சீசன்னா தினமும் ஒரே மாதிரித் தண்ணி கொட்டும்னு அர்த்தமில்ல. நாலு நாள் மழை இல்லைன்னா பாறையோட ஒட்டிக்கிட்டு நூலா வழியும். ஒரே ராத்திரியில மலையில கொட்டித் தீர்த்தா கிட்டப் போக முடியாது. சனி ஞாயிறுல போறதுன்னா கூட்டத்தைப் பாத்துட்டுத்தான் வரணும். ஆடி அமாவாசை பக்கமும் வேண்டாம். புதன்கிழமை காலையில போய் இறங்கி, வெள்ளிக்கிழமை ராத்திரி ரயிலேறுறோம். பிள்ளைங்களுக்கு மூணு நாள் ஸ்கூல் போகும், போகட்டும். பாட்டிகூட அருவியில நின்னது அவங்களுக்கு வயசானாலும் ஞாபகம் இருக்கும்.

தேதி பாக்கும்போது இன்னொண்ணும் பாத்தோம். வெளியில யாரும் பேசுறதில்ல, அதனால நான் சொல்றேன். வீட்டுல இருக்குற பொம்பளைங்களோட மாசத் தேதி. என் பொண்ணுக்குப் பதினாலு வயசு. எனக்கு, தம்பி வீட்டுக்காரிக்கு, அவளுக்கு, மூணு பேருக்கும் ஒத்து வர்ற வாரமாப் பாத்துத்தான் டிக்கெட் போட்டிருக்கோம். ஆம்பளைங்க லீவு கிடைக்கிற தேதியை வச்சு முடிவு பண்ணிட்டு, பொம்பளைங்களை மாத்திரை போட்டுத் தள்ளிப்போடச் சொல்றது எத்தனை வீட்டுல நடக்குது! அப்படி மாத்திரை போட்டு, ரெண்டு மாசம் அவதிப்பட்டவ நான். என் பொண்ணுக்கு அது வேண்டாம்.

ரயில் டிக்கெட் இப்பல்லாம் 60 நாளைக்கு முன்னாடிதான் திறக்கும். திறந்த அன்னைக்குக் காலையிலயே பொதிகையில போட்டுட்டேன். நாங்க சென்னையில ராத்திரி ஏறினா, விடியக்காலையில சிவகாசியில அம்மாவும் தம்பி குடும்பமும் ஏறிக்கிடுவாங்க. தென்காசியில இறங்கிட்டா குற்றாலம் ஒரு அஞ்சு கிலோமீட்டர்தான். தங்குற இடத்துக்கு நான் கேட்டது மூணே மூணு: கீழ்த்தளத்துல அறை, மேற்கத்திய கழிப்பறை, துணி காயப்போட வெராண்டா. முன்னாடி ஒரு தடவை வேற ஊருக்குப் போனப்ப, தங்கின இடத்துல ரெண்டாவது மாடியில அறை கொடுத்தாங்க. லிஃப்ட் இல்ல. அம்மா முழங்காலைப் பிடிச்சுக்கிட்டு ஏறினதுலயே அவங்களுக்கு அந்த நாள் முடிஞ்சு போச்சு.

அம்மாவை எந்த அருவியில இறக்குறதுன்னுதான் ரொம்ப யோசிச்சேன். பேரருவி சுமார் 60 மீட்டர் உயரம். ஆனா அத்தனை உயரத்துல இருந்தும் நேரா நம்ம தலையில விழுறதில்ல. நடுவுல பாறையில பொங்குமாங்கடல்னு ஒரு பெரிய பள்ளம் இருக்கு. தண்ணி முதல்ல அதுல விழுந்து, வேகம் தணிஞ்சு, பொங்கி வழிஞ்சுதான் கீழே வருது. அந்தப் பள்ளம் இல்லைன்னா அதுக்கடியில மனுஷன் நிக்கவே முடியாது. அப்படியும் நல்ல சீசன்ல முதுகுல அடிக்கிற அடி பலமாத்தான் இருக்கும். அறுபத்தேழு வயசுல அம்மாவுக்கு அந்தக் கூட்டமும் தள்ளுமுள்ளும் ஒத்துக்காது. அதனால புதன்கிழமை சிற்றருவி. பேர் சொல்ற மாதிரி சின்னது, அடியும் மெதுவா விழும். அங்க பழகிட்டா, வியாழக்கிழமை விடியுறதுக்குள்ள எந்திரிச்சுப் போய்ப் பேரருவிக்கு ஓரமா ஒரு அஞ்சு நிமிஷம் நிக்கட்டும். நானும் என் பொண்ணும் ரெண்டு பக்கமும் கையைப் பிடிச்சுக்குவோம். தம்பி பையனுக்கு அஞ்சு வயசு, அவனுக்குப் புலியருவி போதும். ஐந்தருவியும் பழைய குற்றாலமும் தண்ணியைப் பொறுத்து. செண்பகாதேவி, தேனருவி பக்கம் வனத்துறை விடுறதில்ல. தெரிஞ்ச ஆள் வச்சு மேல போயிடலாம்னு யாராவது சொன்னா காது கொடுக்காதீங்க.

ஏன் இவ்வளவு கண்டிப்பாச் சொல்றேன்னா, 2024 மே 17ஐ நான் மறக்கல. சீசன்கூட இல்ல, கோடை. பழைய குற்றாலத்துல ஜனங்க குளிச்சிட்டிருக்கும்போதே திடீர்னு வெள்ளம் வந்துச்சு. படிக்கட்டுல ஜனங்க பிள்ளைகளைத் தூக்கிக்கிட்டு ஓடினதை எல்லாரும் வீடியோவுல பாத்தோம். 17 வயசுப் பையன் ஒருத்தன் அடிச்சுட்டுப் போயிட்டான். என் பொண்ணைவிட மூணு வயசுதான் பெரியவன். நாம நிக்கிற இடத்துல வெயில் அடிக்கலாம், மேலே மேற்குத் தொடர்ச்சி மலையில மழை கொட்டிட்டிருக்கலாம். அந்தச் செங்குத்துப் பாறையில விழுற தண்ணி ஊறி நிக்காது, அப்படியே இறங்கி வந்திடும். தண்ணி நிறம் மாறினாலோ, இலையும் சுள்ளியும் சேர்ந்து விழுந்தாலோ, இரைச்சல் கூடினாலோ, விசிலுக்குக் காத்திருக்காம வெளியே வந்திடணும். தடை போட்ட போலீஸ்காரர்கிட்ட, "அவ்வளவு தூரத்துல இருந்து வந்திருக்கோம் சார், ஒரே ஒரு முழுக்கு"ன்னு கெஞ்சுறவங்களைப் பாத்தா எனக்குக் கோபமா வருது. தண்ணிக்கு நம்ம ஊர் எவ்வளவு தூரம்னு தெரியுமா?

தம்பிகிட்டயும் வீட்டுக்காரர்கிட்டயும் ஒண்ணு கறாராச் சொல்லிட்டேன். இந்த மூணு நாளும் குடி கிடையாது. குற்றாலம்னாலே ஆம்பளைங்களுக்கு அதுன்னு ஆகிப்போச்சு. பாசி பிடிச்ச பாறையில, அடிச்சு விழுற தண்ணியில, போதையில இருக்குறவன் தானும் விழுவான், பக்கத்துல நிக்கிறவனையும் தள்ளுவான். குடிச்சவங்க நடமாடுற இடத்துல ஈரத்துணியோட நடக்கிற எங்களுக்கு எப்படி இருக்கும்னு அவங்க ஒரு தடவையாவது நினைச்சுப் பாக்கணும். ரெண்டு பேரும் சரின்னு சொல்லிட்டாங்க.

சோப்பு, ஷாம்பு, சீயக்காய் எதுவும் எடுத்துட்டுப் போகல. உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தடை போட்டிருக்குங்கிறது ஒரு பக்கம். அந்தத் தண்ணி நம்ம குளிச்சதோட முடிஞ்சு போறதில்லைங்கிறது இன்னொரு பக்கம். சிற்றாறா ஓடி, குளங்களையும் வயல்களையும் நனைச்சு, சீவலப்பேரி பக்கத்துல தாமிரபரணியில சேருது. அது வழியில எத்தனையோ ஊருக்குக் குடிதண்ணி.

சமையலும் கிடையாது. இதுக்குத்தான் அம்மாகிட்ட ரொம்பப் போராட வேண்டியிருந்தது. "புளியோதரையாவது கட்டிக்கிறேனே"ன்னாங்க. வேண்டாம்னு சொல்லிட்டேன். ரெண்டு மணிக்கு எந்திரிச்சு அடுப்புல நின்னுட்டு வந்தா, அருவியில நிக்கத் தெம்பு எங்க இருக்கும்? வியாழக்கிழமை ராத்திரி, செங்கோட்டை பக்கத்துல இருக்குற பிரானூர் பார்டர்ல பரோட்டாவும் கோழியும். அம்மா செவ்வாய் வெள்ளி கறி தொட மாட்டாங்க, அதையும் கணக்குப் பண்ணித்தான் புதன்கிழமை போறது. வெள்ளிக்கிழமை காலையில குற்றாலநாதர் கோயில், அப்புறம் சித்திர சபை. நடராஜர் ஆடுறதாச் சொல்ற ஐந்து சபையில இங்க மட்டும்தான் அவர் ஓவியமா இருக்கார். பதினஞ்சு தடவை போயும் அம்மா அதைப் பாத்ததில்ல. துணி மூட்டையை விட்டுட்டு எங்க போறது? சாயங்காலம் மங்குஸ்தான், ரம்புட்டான் வாங்கிட்டு, நேரமிருந்தா சாரல்ல சும்மா நடக்கணும். வெயிலும் அடிச்சுக்கிட்டே, காத்துல பொடிப்பொடியா முகத்துல படுமே அந்தச் சாரல், அதுக்காகவே போகலாம். தண்ணி விழாத நாள்லகூட அது இருக்கும். மூணு நாளும் தடையாவே இருந்தாலும் அம்மாவைச் சாரல்ல உக்கார வச்சு, கையில ஒரு டீயைக் கொடுத்து, நாங்க பரிமாறுவோம்.

குற்றாலத்துப் பக்கம் இருக்குறவங்க யாராவது இதைப் படிச்சா, ஒரு உதவி. சிற்றருவிக்கு ஏறுற படியில கைப்பிடி இப்ப எப்படி இருக்குன்னு கமெண்ட்ல சொல்லுங்க. முழங்கால் வலிக்காரங்க ஏற முடியுமா? பெண்கள் உடை மாத்துற அறை எத்தனை மணிக்குத் திறக்குறாங்கன்னும் தெரிஞ்சா நல்லாருக்கும்.

நேத்து ராத்திரி அம்மாவே போன் பண்ணினாங்க. வழக்கமா நான்தான் கூப்பிடுவேன். ஊர்க்கதையெல்லாம் பேசிட்டு, வைக்கப்போற நேரத்துல, குரலைத் தணிச்சுக்கிட்டுக் கேட்டாங்க: "ஏ பிள்ள, அருவியில சேலை கட்டிக்கிட்டே நிக்க முடியுமா? கால் தடுக்காது?"

இன்னைக்குக் கடைக்குப் போய் ரெண்டு நைட்டி வாங்கிட்டேன். நல்ல கெட்டிப் பருத்தி, ஈரத்துல ஒட்டாது. ரெண்டும் கருநீலம்.