மூன்று வார வீடு

சென்ற ஆண்டு ஆடி மாதம் யாழ்ப்பாணத்தில், நான் பிறந்து வளர்ந்த ஒழுங்கையிலேயே, ஆறு பரப்பு (எங்கள் ஊர் நில அளவு) காணியோடு ஒரு பழைய வீட்டை விலைக்குப் பார்க்கப் போயிருந்தேன். ஓடு வேய்ந்த முன்விறாந்தை, பின்வளவில் நான்கு தென்னை, சுண்ணாம்புக் கல்லைக் குடைந்து இறக்கிய ஆழமான கிணறு, ஒரு பக்கம் மதிலும் மறுபக்கம் கிளுவங் கதியால் வேலியும். தரகர் பரப்புக்கு 18 இலட்சம் சொன்னார். மொத்தம் 1 கோடியே 8 இலட்சம் ரூபா. நான் மனக்கணக்குப் போட்டு முடிப்பதற்குள் அவரே கைபேசியில் வகுத்துக் காட்டினார்: ஏறக்குறைய 50,000 கனேடிய டொலர். "அண்ணை, உங்களுக்கு இது ஒரு காருக்குக் குடுக்கிற காசு" என்றார். அவர் மிகைப்படுத்தவில்லை. கனடாவில், ஸ்காபரோவில் என் வீட்டு வாசலில் நிற்கும் வாகனத்தின் விலையும் கிட்டத்தட்ட அதுதான்.

அந்த வீட்டை நான் வாங்கவில்லை. ஏன் வாங்கவில்லை என்று உறவினரும் நண்பர்களும் இந்த ஓராண்டாகத் தனித்தனியே கேட்டுக்கொண்டிருப்பதாலும், அவர்களில் பலர் தாங்களும் ஊரில் ஒரு "விடுமுறை வீடு" வாங்கும் எண்ணத்தில் இருப்பதாலும், எல்லோருக்கும் ஒரே இடத்தில் விடை எழுதிவிடலாம் என்று தோன்றியது.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எங்களில் பலருக்கு அது இன்னும் உறைக்கவில்லை. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தின்படி, ஓர் இலங்கையர் வேறு நாட்டின் குடியுரிமையைப் பெற்றுக்கொள்ளும்போது தம்முடைய இலங்கைக் குடியுரிமையை இழந்துவிடுகிறார். அதைத் திரும்பப் பெறவோ முன்கூட்டியே தக்கவைத்துக்கொள்ளவோ தனியாக விண்ணப்பித்து இரட்டைக் குடியுரிமை எடுக்க வேண்டும். அப்படி எடுக்காத நான், என் பிறப்புச் சான்றிதழில் எந்த ஊரின் பெயர் இருந்தாலும், அங்கே வெளிநாட்டவன். 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கக் காணிச் சட்டம், 2013 சனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்ததாகக் கொள்ளப்பட்டு, வெளிநாட்டவருக்குக் காணியை உரிமை மாற்றுவதைத் தடை செய்கிறது. தடையை மீறி எழுதப்படும் உறுதி (காணிப் பத்திரம்) சட்டத்தின் முன் செல்லாது. இரட்டைக் குடியுரிமை உள்ளவர்களுக்கும், மரபுரிமையாகக் காணி பெறும் நெருங்கிய உறவினருக்கும் விலக்கு உண்டு. மாடிக் குடியிருப்பில் ஒரு வீட்டை, முழுப் பணத்தையும் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து கொடுத்து, வெளிநாட்டவரும் வாங்கலாம். மற்றபடி 99 ஆண்டுகள் வரையிலான குத்தகைதான். கொழும்பின் கடற்கரை அடுக்குமாடிகளை மனத்தில் வைத்து எழுதப்பட்ட அந்த மாடி விலக்கு எங்கள் ஒழுங்கைக்கு எந்த வகையிலும் பொருந்தாது. அங்கே அடுக்குமாடி உயரத்தில் இருப்பவை பனை மரங்கள் மட்டுமே.

இரட்டைக் குடியுரிமை எடுத்துவிட்டால் போயிற்று என்பீர்கள். எடுக்கலாம், கனடாவும் பிரித்தானியாவும் சுவிற்சர்லாந்தும் அதை மறுப்பதில்லை. நோர்வேயில் இருப்பவர்களுக்கு 2020இலும், ஜேர்மனியில் இருப்பவர்களுக்கு 2024 யூனிலும்தான் அந்தக் கதவு பொதுவாகத் திறந்தது. இலங்கைப் பக்கத்தில் 2011இல் நிறுத்தப்பட்ட விண்ணப்பங்கள் 2015இல்தான் மீண்டும் ஏற்கப்பட்டன. இந்த இடைவெளிகளில் காணி வாங்கிய பலர் செய்தது எல்லோருக்கும் தெரிந்ததே: ஊரில் உள்ள தம்பியின் பெயரில், மச்சானின் பெயரில், பெறாமகனின் பெயரில் உறுதி எழுதினார்கள். எனக்கு நெருங்கிய நண்பர் ஒருவர் தன் மனைவியின் தம்பி பெயரில் எழுதினார். அந்தத் தம்பி மிகவும் நேர்மையான மனிதர், ஒரு சதம்கூட எடுத்தவரல்லர். ஆனால் அவர் 52 வயதில் மாரடைப்பால் இறந்தபோது வீடு அவருடைய மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் உரியதாயிற்று, தன் சார்பில் செயற்பட நண்பருக்கு அவர் எழுதிக் கொடுத்திருந்த அற்றோணித் தத்துவமும் (அதிகாரப் பத்திரமும்) அவரோடு முடிந்துபோயிற்று. யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. நண்பர் இப்போது தாமே பணம் கொடுத்துக் கட்டிய வீட்டில், தாமே வாங்கிப் போட்ட கட்டிலில், விருந்தாளியாகப் படுத்து எழும்புகிறார்.

இந்தத் தடை அநியாயம், இனவாதம் என்று எங்கள் கூட்டங்களில் பேசக் கேட்டிருக்கிறேன். போரினாலும் பொருளாதாரத்தாலும் துரத்தப்பட்டவர்களை அயலவர் என்று எழுதிவைப்பதில் ஒரு கசப்பு இருக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. என் அப்பாவின் பெயர் எழுதிய உறுதிகளைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு விமான நிலையத்தில் வீசா வரிசையில் நிற்பது எனக்கும் வலிக்கத்தான் செய்கிறது. ஆனால் அதே நாங்கள் ரொறன்ரோவில் எப்படி நடந்துகொள்கிறோம் என்பதையும் பார்க்க வேண்டும். கனடா 2023 சனவரி 1 முதல், குடியுரிமையோ நிரந்தர வதிவிடமோ இல்லாத வெளிநாட்டவர் நகரப் பகுதிகளில் வீடு வாங்குவதைச் சில விலக்குகளோடு தடை செய்தது. பிறகு அந்தத் தடையை 2027 சனவரி 1 வரை நீட்டியது. ரொறன்ரோ நகரம் ஆளில்லாமல் பூட்டி வைத்திருக்கும் வீடுகளுக்கு அவற்றின் மதிப்பில் 1 வீதமாக வரி விதிக்கத் தொடங்கி, 2024இலிருந்து அதை 3 வீதமாக உயர்த்தியது. "வெளியிலிருந்து காசோடு வந்து வீட்டை வாங்கிப் பூட்டி வைத்தால் எங்கடை பிள்ளையள் எங்கை போறது?" என்று அன்று நியாயம் சொன்னவர்களில் நானும் ஒருவன். அந்த வாக்கியத்தை என்னோடு விமானத்தில் ஏற்றிக்கொண்டு போக மறந்துவிட்டேன்.

ஒழுங்கையில்தான் அது நினைவுக்கு வந்தது. தரகர் காட்டிய வீட்டுக்கு மூன்று வளவு தள்ளி என் அண்ணரின் மகள் வாடகைக்கு இருக்கிறாள். அரசாங்கப் பாடசாலையில் கணித ஆசிரியை. இரண்டு பரப்புக் காணி ஒன்றை அதே சுற்றுவட்டாரத்தில் ஆறு ஆண்டுகளாகத் தேடிக்கொண்டிருக்கிறாள். அதே 18 இலட்சக் கணக்கில் இரண்டு பரப்புக்கு 36 இலட்சம். கைக்கு வரும் சம்பளம் மாதம் 60,000 ரூபா அளவில் என்றால், 60 மாதச் சம்பளம்; அதாவது ஐந்து ஆண்டுகள் உண்ணாமல், உடுக்காமல், பேருந்தில் ஏறாமல் இருந்தால் வெறுங் காணி கிடைக்கும், அதன்மேல் ஒரு கல்கூட இருக்காது. அவள் இதை முறைப்பாடாகச் சொல்லவில்லை. தேநீர் ஊற்றிக்கொண்டே, "சித்தப்பா, போன முறை பார்த்த காணிக்கு லண்டன்காரர் ஒராள் வந்து கேட்ட விலையைக் குடுத்திட்டார்" என்றாள். அவ்வளவுதான். அந்த லண்டன்காரர் நானாகவும் இருந்திருக்கலாம் என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

2022ஐ நினைத்துப் பாருங்கள். அந்த ஆண்டு நாடு வெளிக்கடனைக் கட்ட முடியாமல் கைவிரித்தது. அமெரிக்க டொலர் ஒன்று 200 ரூபாவிலிருந்து சில வாரங்களில் 360 ரூபா வரை போனது. ஊரில் இருந்தவர்கள் எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நின்ற அதே வாரங்களில், எங்கள் வட்டத்து வாட்சப் குழுக்களில் "இப்ப வாங்கினால் லாபம்" என்ற செய்தி ஓடியது. அவர்களுடைய சேமிப்பு பாதியாகத் தேய்ந்தது எங்களுக்குக் கழிவு விலையாகத் தெரிந்தது. அதில் நானும் கைதட்டல் படம் ஒன்று போட்டேன் என்பதை இன்று வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

வாங்குவதிலும் எவ்வளவு சிக்கல் இருக்கிறது என்பதைத் தரகர்கள் சொல்வதில்லை. முத்திரைத் தீர்வை முதல் ஒரு இலட்சத்துக்கு 3 வீதம், மிகுதிக்கு 4 வீதம். நான் பார்த்த வீட்டுக்கு அது மட்டும் 4 இலட்சத்து 31 ஆயிரம் ரூபா. அது சின்ன விடயம். பெரிய விடயம் உறுதியின் பூர்வீகம். யாழ்ப்பாணத்துக் காணி பல இடங்களில் முதுசொமாகவும் சீதனமாகவும் பல கை மாறி, பிரிபடாத பங்குகளாகவே கிடக்கிறது. ஒரு பங்கு பாரிஸில், ஒன்று மெல்பேர்னில், இன்னொன்று 1990இல் காணாமற்போனவரின் பெயரில். யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைப்படி பங்காளிகளுக்கும் உரித்தாளிகளுக்கும் முன்கொள்வனவு உரிமை, அதாவது மற்றவருக்கு முன் தாங்கள் வாங்கும் உரிமை உண்டு. அவர்களுக்கு முறையாக அறிவிக்காமல் விற்றால், அவர்கள் வழக்கு வைத்து அந்த விற்பனையைக் கேள்விக்குள்ளாக்கலாம். கிணறும் வழிவாய்க்காலும் பொதுவாக இருந்தால் வேறொரு கதை தொடங்கும். வாங்கி முடித்து, ஆளில்லாமல் போட்டுவிட்டு வந்தால், இடையூறின்றி 10 ஆண்டுகள் அதில் குடியிருப்பவர் ஆட்சி உரிமை கோர முடியும். 1871ஆம் ஆண்டின் சட்டம் அது, பூட்டிய வீட்டின்மேல் அதற்கு எந்த இரக்கமும் கிடையாது.

இனி அந்த வீட்டில் நாங்கள் எத்தனை நாள் இருப்போம் என்ற கணக்கு. பிள்ளைகளின் பள்ளி விடுமுறையும் நல்லூர்த் திருவிழாவும் ஆடி, ஆவணியில் வருவதால் நாங்கள் எல்லோரும் அப்போதுதான் போகிறோம். மூன்று வாரம், மிஞ்சினால் நான்கு. அது ஊரின் வறண்ட காலம். வீட்டுக்கு உண்மையில் ஆள் தேவைப்படுவது ஐப்பசி தொடங்கி மார்கழி வரை, வடகீழ்ப் பருவமழை கொட்டும்போது. ஓடு விலகி ஒழுகுவதும், நிலையில் கறையான் ஏறுவதும், தண்ணீர்த் தொட்டியில் நுளம்பு பெருகுவதும் அந்த மாதங்களில்தான், அப்போது நாங்கள் பனி வழித்துக்கொண்டிருப்போம். டெங்கு பரவும் அந்தக் காலத்தில் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வீடு வீடாக வந்து வளவுகளைப் பார்க்கிறார். எங்கள் ஒழுங்கையில் பூட்டிக் கிடக்கும் ஐந்து வீடுகளின் கேற்றில் அவர் தட்டிவிட்டுப் போக வேண்டியதுதான். காய்ச்சல் வருவது பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு.

தண்ணீரைப் பற்றியும் சொல்லாமல் விட முடியாது. குடாநாட்டில் ஆண்டு முழுதும் ஓடும் ஆறு ஒன்றும் இல்லை. வழுக்கையாறு மழைக்காலத்து விருந்தாளி. சுண்ணாம்புப் பாறைக்குள் மழைநீர் தேங்கி, அடியில் உள்ள உவர்நீரின்மேல் மெல்லிய படையாக நிற்கிறது. அதை அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உவர் மேலே ஏறும். எங்கள் பாட்டன்மார் துலா மிதித்து இறைத்த அந்தத் தண்ணீரை, இப்போது சில புது வீடுகளில் நீச்சல் குளத்துக்கு மோட்டர் வைத்து ஏற்றுகிறார்கள். ஆண்டில் 20 நாள் நீந்துவதற்காக! நான் பார்த்த வீட்டின் பின்வளவிலும் "குளம் வெட்ட இடம் காணும் அண்ணை" என்றே தரகர் தென்னைகளைக் காட்டினார்.

இதற்கு எதிர்வாதம் ஒன்று உண்டு, அது அற்பமானதல்ல. ஊரில் சொந்தமாக ஒரு வீடு இருந்தால் பிள்ளைகளுக்கு வேர் இருக்கும், வருவார்கள், போவார்கள், தமிழ் பேசுவார்கள் என்று என் மனைவியே சொன்னாள். என் அனுபவம் வேறு. என் இரண்டு பிள்ளைகளும் முதல் முறை ஆசையாக வந்தார்கள். மூன்றாம் முறை மெக்சிக்கோவுக்குப் போகலாமே என்றார்கள். அவர்கள் ஊரில் மறக்காமல் வைத்திருப்பது ஒருவருடைய சொந்த வீட்டையும் அல்ல. அண்ணரின் மகள் வீட்டு முற்றத்தில், பத்துப் பேர் ஒரே பாயில் இருந்து கூழ் குடித்த இரவைத்தான் இன்றும் சொல்கிறார்கள். தனி வளவும் உயர்ந்த மதிலும் குளிரூட்டியும் உள்ள வீட்டில் இருந்திருந்தால் அந்த முற்றத்துக்குப் போயிருக்கவே மாட்டோம். ஓய்வு பெற்று, பெட்டி படுக்கையோடு நிரந்தரமாகத் திரும்பி, மாரியையும் கோடையையும் அங்கேயே கழிப்பவர்களை நான் இதில் சேர்க்கவில்லை. அவர்கள் வாங்குவது வீடு. அவர்கள் ஊருக்கு அயலாகவும், கடைக்கு வாடிக்கையாகவும், கோயிலுக்கு ஆளாகவும் இருக்கிறார்கள்.

என் பெற்றோரின் வீடு இன்னும் இருக்கிறது. சகோதரர் நால்வருக்கும் சம பங்கு. மரபுரிமை என்பதால் சட்டம் அதில் என்னை வெளியே தள்ளவில்லை. கூரையின் ஒரு பக்கம் போரில் செல் (எறிகணை) விழுந்து போனதை 2010இல் தகரம் போட்டு மூடியதோடு விட்டுவிட்டோம். அண்ணரின் மகளிடம், வாடகை வீட்டை விட்டு அங்கே போய் இருக்கச் சொன்னோம், அவள் உடனே சம்மதிக்கவில்லை, "நாளைக்கு ஆராவது எழும்பச் சொன்னால்?" என்று கேட்டாள், நியாயமான கேள்வி. ஆகவே சகோதரர் நால்வரும் நொத்தாரிசிடம் போய் நீண்ட காலக் குத்தகை ஒன்றை எழுத்தில் வைத்தோம். மெல்பேர்னில் இருக்கும் தங்கையைச் சம்மதிக்க வைக்க ஐந்து மாதம் எடுத்தது. அந்தக் கதையை எழுதினால் குடும்பத்தில் இன்னொரு சண்டை வரும், விடுகிறேன். கார் விலை என்று தரகர் சொன்ன தொகையில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றுக்குக் கூரை முழுவதும் மாற்றி, கிணற்றைக் கலக்கி இறைத்து, மலசலகூடக் குழியைக் கிணற்றிலிருந்து தள்ளிப் புதிதாகக் கட்டியாயிற்று.

தெருப்பக்க அறையை ஆடியில் எங்களுக்காக ஒதுக்கி வைப்பதாக அவள் சொல்லியிருக்கிறாள். அதற்கு நாளொன்றுக்கு இவ்வளவு என்று நான் காசு கொடுப்பேன், அவள் வேண்டாம் என்பாள், பிறகு வாங்கிக்கொள்வாள். மற்ற பதினொரு மாதமும் அந்த அறையில் பின்னேரங்களில் கணித வகுப்பு நடக்கிறது. போன கிழமை ஒரு படம் அனுப்பியிருந்தாள்: என் அப்பா சாய்மனைக் கதிரை போட்டிருந்த இடத்தில் கரும்பலகை, அதன் முன்னால் பன்னிரண்டு பிள்ளைகள், வெளியில் நல்ல மழை.