புகையான் மருந்துக்குப் பழகுவதில்லை

"அடிச்சு அடிச்சு புகையானுக்கு மருந்து பழகிப்போச்சு." பிசானப் பருவ நெல் பொதி கட்டும் நேரத்தில் சேரன்மகாதேவி, அம்பாசமுத்திரம் பக்கம் நெல்லின் அடித்தூரில் சாறு உறிஞ்சும் புகையான் பூச்சியைப் பற்றி அடிக்கடி காதில் விழும் பேச்சு. அந்தப் 'பழகிப்போச்சு' என்ற சொல்தான் நம்மைத் தவறான வைத்தியத்துக்கு இழுத்துக்கொண்டு போகிறது என்பது என் உறுதியான கருத்து.

மருந்து பட்ட பூச்சி ஒன்று சாகும், இல்லை தப்பும். தப்ப வைக்கும் தன்மை அதன் மரபணுவில் இருக்கிறது. மருந்தைப் பார்த்து உண்டானதில்லை. டார்வின் 1859-ல் எழுதிய இயற்கைத் தேர்வுக்கு மூன்றே தேவைகள்: ஒரே இனத்துக்குள் வேறுபாடு இருக்க வேண்டும், அது பிள்ளைக்கு இறங்க வேண்டும், அதனால் பிழைப்பதில் ஏற்றத்தாழ்வு வர வேண்டும். மூன்றும் கூடினால் பரிணாமம் நடக்கும். கோடி வருஷம் காத்திருக்க வேண்டாம். புகையான் முட்டையிலிருந்து வளர்ந்த பூச்சியாக மூன்று நாலு வாரம் போதும்; ஒரு தாய் 200 முட்டைக்கு மேல் இடும்.

ஒரு கணக்குக்காக, வயலில் 10 லட்சம் பூச்சி, அதில் மருந்து தாங்குவது 100 என்று வையுங்கள். மற்றவற்றில் நூற்றுக்கு 99 சாகிறது. மிஞ்சுவது சாதா 10,000, தாங்கி 100. அதாவது நூற்றுக்கு ஒன்று. திரும்பப் பெருகி 10 லட்சமானால் அதில் தாங்கி 10,000. இரண்டாம் தெளிப்பில் சாதாவும் தாங்கியும் கிட்டத்தட்ட சரிபாதி. மூன்றாம் தெளிப்பு முடிந்தால் மிஞ்சியதில் நூற்றுக்கு 99 தாங்கி. ஒரு பூச்சிகூடத் தன் ஆயுளில் மாறவில்லை, கூட்டம் மாறிவிட்டது. நிஜ வயலில் பக்கத்து வயல் பூச்சி வந்து கலப்பதால் இவ்வளவு வேகம் இருக்காது, ஆனால் போகும் திசை இதுதான்.

இப்போது 'டோஸைக் கூட்டு' என்ற யோசனையைப் பாருங்கள். கூட்டினால் சாதாப் பூச்சி இன்னும் சுத்தமாக ஒழியும், தாங்கிக்குப் போட்டியே இருக்காது. கூடவே புகையானைப் பிடித்துத் தின்னும் சிலந்தியும் சாகும். செயற்கை பைரித்ராய்டு வகை மருந்து அடித்தால் புகையான் முன்னைவிட அதிகமாகக் கிளம்புவதற்கு அது ஒரு முக்கியக் காரணம்.

பாட்டிலை மாற்றுவதிலும் ஏமாற்றம் உண்டு. இமிடாகுளோபிரிட், தயாமெத்தாக்சம், குளோதியானிடின் மூன்றும் பூச்சியின் நரம்பில் ஒரே இடத்தைத்தான் அடிக்கின்றன. கடைப்பெயர் மாறினாலும் தேர்வு மாறவில்லை. பைமெட்ரோசின், புப்ரோபெசின் வேலை செய்யும் விதமே வேறு. லேபிளில் பொடி எழுத்தில் இருக்கும் வேதிப்பெயரைப் படித்து மாற்றினால்தான் அது சுழற்சி.

ரகத்துக்கும் இதே விதிதான். புகையானைத் தாங்கும் ஐ.ஆர். 26 நெல் ரகம் 1973-ல் வந்தது. சில வருஷத்திலேயே அதையும் தின்னும் புகையான் பெருகிவிட்டது. நம் அம்பாசமுத்திரத்து ஏ.எஸ்.டி. 7 நெல்லில் இன்னொரு எதிர்ப்பு மரபணு இருப்பதை 1971-ல் கண்டுபிடித்தார்கள். பிலிப்பைன்ஸ் ஆய்வுக்கூடத்தில் அந்த நெல்லையே தலைமுறை தலைமுறையாகத் தின்னக் கொடுத்து, அதிலும் பிழைக்கும் கூட்டத்தை வளர்த்தெடுத்தார்கள். உலக நெல் ஆராய்ச்சியில் நம்ம ஊர் நெல்லுக்கு இப்படி ஓர் இடம் இருப்பதை இங்கேயே பலருக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது!

ஆகவே மருந்தைக் கடைசிக்குத் தள்ளுங்கள். நடவிலேயே 8 அடிக்கு ஒரு அடி பட்டம் (நடாத இடைவெளி) விடுங்கள். யூரியாவைப் பிரித்துப் போடுங்கள். காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் கட்டுங்கள். குத்தை (ஓரிடத்தில் நட்ட நாற்றுக் கொத்தை) விலக்கி அடித்தூரைப் பாருங்கள்: சிலந்தி இல்லாத வயலில் தூருக்கு (குத்தில் கிளைத்த ஒரு தண்டுக்கு) ஒரு பூச்சி, குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் தூருக்கு இரண்டு. அதைத் தாண்டினால் மட்டும் தண்ணீரை வடித்துவிட்டு, லேபிள் அளவில், அடித்தூரில் படும்படி அடியுங்கள். மேல் இலையில் மட்டும் தெளித்தால் அடியில் இருக்கும் பூச்சிக்கு அரைகுறையாகத்தான் மருந்து போய்ச் சேரும். அப்போது லேசாகத் தாங்கும் பூச்சிகூடப் பிழைத்து முட்டையிடும்.