11 வயதில் அறுவை சிகிச்சையா?

பிரிட்டனின் ஐடிவி தொலைக்காட்சியில் 2018-ல் வந்த ‘பட்டர்ஃப்ளை’ தொடரை வைத்து, பிரிட்டன் அரசு மருத்துவமனைகளில் 11 வயதுத் திருநர் குழந்தைகளுக்கு பாலின அறுவை சிகிச்சை நடக்கிறது என்று சிலர் எழுதியிருக்கிறார்கள். அப்படி இல்லைங்க. கதையில் வரும் திருநர் சிறுமி மேக்சினுக்கு வயது 11, சரி. ஆனால் அங்கு விவாதமே பருவமடைதலைத் தள்ளிப்போடும் மருந்தைப் பற்றியது. அதையும் இங்கிலாந்தில் வழக்கமான சிகிச்சையாகத் தருவதை 2024 மார்ச்சில் நிறுத்திவிட்டார்கள். பாலின அறுவை சிகிச்சை 18 வயதுக்கு மேல்தான். பிரிட்டன் அரசு மருத்துவ சேவையான என்எச்எஸ்-இன் இணையதளத்தில் ‘ஜெண்டர் டிஸ்ஃபோரியா’ (பிறப்பில் குறித்த பாலினம் தன் உணர்வோடு பொருந்தாததால் வரும் மனவேதனை) என்று ஆங்கிலத்தில் தேடி, சிகிச்சைப் பக்கத்தைத் திறங்கள். சிறார்க்கு ஒரு பகுதி, பெரியவர்களுக்கு ஒரு பகுதி. அறுவை சிகிச்சை எதில் இருக்கிறது என்று மட்டும் பாருங்கள். தொடர் பிடிக்கவில்லை என்றால் தாராளமாகத் திட்டலாம், அது வேறு.