மெட்ராஸ் ரெஜிமென்டுக்கு எதுக்கு வேறு பேர்?

போன வாரம் குன்னூர் டீக்கடையில் ஒரு வாக்குவாதம். "மாகாணமே போயாச்சு, ஊரும் சென்னை ஆயாச்சு, இன்னும் எதுக்கு மெட்ராஸ் ரெஜிமென்ட்? ஊர்ப்பேரை எல்லாம் எடுத்துட்டு நம்பர் போட்டால் போதும், நாடு ஒண்ணு, படை ஒண்ணு" என்றார் நண்பர். அங்கே பேசி முடியாததை இங்கே எழுதுகிறேன்.

வெள்ளைக்காரன் வைத்த பேர்தான், மறுக்கவில்லை. 1758-இல் கம்பெனி தன் வசதிக்குத் திரட்டிய படை. சின்னத்தில் இருக்கும் யானை 1803 அசாயே போரின் நினைவு. மராத்தியர்களுக்கு எதிரான அந்தப் போரை நடத்திய ஆர்தர் வெல்லெஸ்லிதான் பிறகு வெலிங்டன் பிரபு ஆனார். குன்னூர் பக்கத்தில், ரெஜிமென்ட் மையம் இருக்கிற, ஜகதளா என்றிருந்த இடத்துக்கு வெலிங்டன் என்று அவர் பேர் வந்தது. ஆக, யானையும் ஊர்ப்பேரும் ஒரே ஆளின் உபயம்! இதைச் சொன்னதும் நண்பருக்கு ஜெயித்துவிட்ட சந்தோஷம்.

சரி, மாற்றலாம். என்ன வைப்பது? தமிழ்நாடு ரெஜிமென்ட் என்றால் கொல்லத்துப் பையனும் குண்டூர்ப் பையனும் எங்கே போவார்கள்? மாகாணம் செத்த பிறகும் நாலு மொழிக்காரர்களைச் சேர்த்து வைத்திருக்கிற பேர் அது. வடக்கே 'மதராசி' என்றால் கேலி. வெலிங்டன் மைதானத்திலோ "வீர மதராசி, அடி கொல்லு, அடி கொல்லு" என்ற ரெஜிமென்டின் போர் முழக்கத்தை வடக்கத்தி அதிகாரியும் தொண்டை கிழியக் கத்த வேண்டும். எனக்கு அதில் ஒரு அற்ப திருப்தி உண்டு.

எல்லா மாநிலத்தாரும் கலந்த கார்ட்ஸ் படைப்பிரிவு 1949-லேயே ராணுவத் தளபதி கரியப்பா காலத்தில் வந்துவிட்டது. அதுவும் இருக்கிறது, இதுவும் இருக்கிறது. முப்படை ஒற்றுமைக்கான வேலையும் இதே வெலிங்டனில், ஸ்டாஃப் காலேஜில் நடக்கிறது. தரைப்படை, கடற்படை, விமானப்படை அதிகாரிகள் அங்கே சேர்ந்தே படிக்கிறார்கள்.

ஃபீல்டு மார்ஷல் மானெக்‌ஷாவையே பாருங்கள். அமிர்தசரஸில் பிறந்த பார்சி. 'சாம் பகதூர்' என்ற பேர் கூர்க்கா வீரர்கள் கொடுத்தது. குன்னூரில் குடியிருந்து, 2008-இல் வெலிங்டன் ராணுவ மருத்துவமனையில் இறந்து, ஊட்டியில் அடக்கமானார். எந்தப் பேர் அவரை எந்த ஊர்க்காரராகச் சுருக்கியது?

பேரையே தொடக்கூடாது என்பவனில்லை நான். வெலிங்டன் பேரக்ஸுக்கு ராணுவத் தளபதியாக இருந்த ஸ்ரீநாகேஷ் பேர் வைத்தது பொருத்தம்தான். (எங்கள் வீட்டில் இன்னும் வெறும் பேரக்ஸ்தான்.) ஊரை மறுபடி ஜகதளா என்றாலும் எனக்குச் சம்மதம்.

அப்புறம், எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற ஹவில்தார் ஒருவர் இருக்கிறார், மலையாளி. "நம்பர் மட்டும் போட்டால் போதுமாமே, சேட்டா?" என்று கேட்டேன்.

"பட்டாலியனுக்கு நம்பர் ஏற்கெனவே இருக்கே சார்" என்றார். "நம்பருக்குப் பின்னாடி என்னன்னு யாராவது கேட்டா என்ன சொல்றது?"