நீர்க்கட்டி இருந்தால் குழந்தை பிறக்காதா?

"சினைப்பையில் நீர்க்கட்டி வந்தால் குழந்தை பிறக்காது, ஆபரேஷன் செய்து எடுத்தால்தான் வழி" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. இரண்டுமே தவறு.

பிசிஓஎஸ் (பேச்சுவழக்கில் 'நீர்க்கட்டி' எனப்படும் ஹார்மோன் கோளாறு) உள்ளவருக்கு ஸ்கேனில் தெரிபவை அகற்ற வேண்டிய கட்டிகள் அல்ல. முழுதாக வளராமல் பாதியில் நின்றுபோன கருமுட்டைப் பைகள். ஒவ்வொன்றும் 2 முதல் 9 மில்லிமீட்டர்தான். அவை மட்டும் தெரிந்தால் பிசிஓஎஸ் என்று முடிவுகட்டவும் முடியாது. ஒழுங்கற்ற மாதவிடாய், ஆண் ஹார்மோன் மிகுதி, ஸ்கேன் தோற்றம் ஆகிய மூன்றில் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும். தைராய்டு, புரோலாக்டின் (பால் சுரக்கவைக்கும் ஹார்மோன்) கோளாறு இல்லை என்றும் பார்க்க வேண்டும். பூப்பெய்தி 8 ஆண்டுகூட ஆகாத பெண்ணுக்கு ஸ்கேனை வைத்துச் சொல்லவே கூடாது. அந்த வயதில் இப்படித் தெரிவது சகஜம். அந்தப் பிள்ளையை வீணாகப் பயமுறுத்தாதீர்கள்.

சரி, குழந்தை? கருமுட்டை மாதாமாதம் வெளிவராததால் தாமதமாகலாம். ஆனாலும் பலருக்குத் தானாகவே கரு தங்குகிறது. தங்காதவர்களுக்குப் பெரும்பாலும் முதலில் கொடுப்பது கருமுட்டை வெளிவர உதவும் லெட்ரோசோல் மாத்திரை, ஆபரேஷன் அல்ல. இந்தப் பொய்யை நம்பிக் கருத்தடையை விட்டுவிட்டு, எதிர்பாராமல் கருவுறுபவர்களும் உண்டு.

கவனிக்க வேண்டியது வேறு. 3 மாதத்துக்கு மேல் மாதவிடாய் வராவிட்டால் கருப்பை உட்சுவர் தடித்துக்கொண்டே போகலாம். உடனே மருத்துவரைப் பாருங்கள். அப்புறம், சர்க்கரை, ரத்த அழுத்தப் பரிசோதனைகளையும் தள்ளிப்போடாதீர்கள்.