‘டெஸ்ட் எடுக்கிற டாக்டரம்மா’

ஞாயிற்றுக்கிழமை மேடையில் நடந்ததை நீங்கள் எல்லாரும் பார்த்துவிட்டீர்கள். வீடியோ எனக்கே நாலு குரூப்பிலிருந்து வந்தது. அதனால் கதையை நீட்டப்போவதில்லை. பார்க்காதவர்களுக்கு ஒரே வரி: விழா மேடைக்குக் கூப்பிட்டுப் பொன்னாடை போட்ட என் டாக்டர் அக்கா, கர்ப்பப்பை வாய்ப் புற்றைப் பற்றிப் பேச வாயெடுத்ததும் மைக்கைப் பிடுங்கிவிட்டார்கள். இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். ஐஸ் கம்பெனிக் கணக்கில் கூட்டல் தப்பாக வர ஆரம்பித்ததும், சரி, எழுதிக் கொட்டிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் அந்த அறிமுகம். “ரத்தம், யூரின் எல்லாம் டெஸ்ட் எடுக்கிற டாக்டரம்மா.” மைக் பிடித்த அண்ணே, உங்கள் மேல் எனக்குக் கோபமில்லை. கொஞ்சம் இருக்கிறது. அக்கா என் பெரியம்மா மகள். பாம்பன் சின்னப்பாலத்தில் காலில் தகரத்தைக் கட்டி, விரலில் துணி சுற்றி, கடலில் முங்கி முங்கிப் பாசி எடுத்த பெரியம்மாவின் காசில் எம்.பி.பி.எஸ். படித்தவள். அதற்கு மேல் மூன்று வருடம் பேத்தாலஜி எம்.டி., அதாவது உடம்பிலிருந்து எடுத்த சதையைப் பார்த்து நோயைச் சொல்கிற படிப்பு. அதற்கு மேல் 22 வருடமாகக் கர்ப்பப்பை, கர்ப்பப்பை வாய், சினைப்பை, கருக்குழாய் என்று பெண்களுக்கு மட்டும் வரும் புற்றுகளிலேயே கிடக்கிறாள். யூரின் டெஸ்ட் கேவலமான வேலை என்று சொல்லவில்லை. மேஸ்திரியைக் கூப்பிட்டு ‘சுண்ணாம்பு அடிக்கிறவர்’ என்று மாலை போடாதீர்கள் என்கிறேன், அவ்வளவுதான்.

ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பேத்தாலஜி டாக்டர் பார்த்து எழுதாமல் புற்றுக்குப் பெயர் கிடையாது. ஸ்கேனில் தெரிவது கட்டி. கையில் தட்டுப்படுவது கட்டி. அது புற்றா, எந்த வகை, எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று சொல்வது நுண்ணோக்கிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் ஆள். அந்த ஒரு தாளைப் பார்த்துத்தான் கத்தியா, கரண்டா (கதிர்வீச்சா) என்று மற்ற டாக்டர்கள் முடிவு செய்கிறார்கள். நோயாளி அந்த ஆளின் முகத்தை ஆயுசுக்கும் பார்க்கமாட்டார்.

எனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? ஐந்து வருடத்துக்கு முன்னால் அம்மாவின் பயாப்சி பாட்டிலைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மதுரைக்கு பஸ் ஏறியவன் நான். உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. “வயித்து வலிடா, சின்ன டெஸ்ட்டு” என்றுதான் அம்மா சொல்லியிருந்தது. சாயங்காலம் ஒரு நர்சிங் ஹோமில் கொடுத்தார்கள், ராத்திரி வீட்டில் பிரிட்ஜ் மேல் வைத்தேன், காலையில் கொண்டுபோனேன். நாலாம் நாள் பதில் வந்தது: சதை கெட்டுவிட்டது, எதுவும் சொல்ல முடியவில்லை, மறுபடி எடுத்து அனுப்பவும். பார்மலினில் போடவேண்டியதை அவசரத்தில் சலைனில், வெறும் உப்புத்தண்ணீரில், போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். நம்ம ஊர்க்காரர்களுக்கு நான் விளக்கவேண்டியதில்லை. ஏறிய மீனை ஐஸ் போடாமல் வெயிலில் வைத்துவிட்டு மறுநாள் என்ன விலை போகும் என்று கேட்பது மாதிரி. உடம்பிலிருந்து வெட்டிய சதையும் அடுத்த நிமிடமே அழுக ஆரம்பித்துவிடும். பார்மலின்தான் அதற்கு ஐஸ்.

மறுபடி எடுக்க அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. காரணமும் சொல்லவில்லை. இரண்டு மாதம் போய்விட்டது. அப்புறம் அக்காதான் சென்னையிலிருந்து வந்து, கதவைச் சாத்திக்கொண்டு ஒரு மணி நேரம் பேசி, கையோடு கூட்டிக்கொண்டு போனாள்.

அம்மாவின் கர்ப்பப்பை வாயிலிருந்து மறுபடி எடுத்த சதையின் சிலைடை அக்கா எனக்குக் காட்டினாள். இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து பார்க்கிற நுண்ணோக்கி. நகக்கண் அளவு சதை. அதை மெழுகில் புதைத்து, மூன்று நாலு மைக்ரான் கனத்துக்குச் சீவுகிறார்கள். தலைமுடியின் கனத்தில் சுமார் இருபதில் ஒரு பங்குதான் வரும். வெந்நீரில் விட்டால் பாலாடை மாதிரி மிதக்கிறது, அதைக் கண்ணாடியில் ஏந்திச் சாயம் போடுகிறார்கள். ஒரு பக்கம் செல்கள் பனை ஓலைப் பாய் முடைந்ததுபோல் வரிசையாக இருந்தன. நகர்த்த நகர்த்த, சிக்குப் பிடித்த வலை. “இந்தக் கோடு தெரியுதா? இதுக்கு மேலேயே நின்னிருந்தா சின்ன வைத்தியத்தோட போயிருக்கும். தாண்டிருச்சுடா” என்றாள். அந்தக் கோட்டைத் தாண்ட அதற்குப் பொதுவாகப் பத்து வருடத்துக்கு மேல் ஆகுமாம். பத்து வருடம். அத்தனை நாளும் நான் அம்மாவோடு ஒரே வீட்டில்தான் சோறு தின்றேன்.

அம்மாவுக்கு ஐந்து வாரம் கரண்டு வைத்தார்கள், வாரம் ஒரு ஊசி. இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தது.

இப்போது ‘ஆராய்ச்சி’ என்ற சொல்லைக் கேட்டதும் சிரித்தவர்களுக்கு. சினைப்பைப் புற்று சினைப்பையின் மேல்தோலில்தான் தொடங்குகிறது என்று உலகமே வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தது. 2001ல் நெதர்லாந்தில், பரம்பரைக் கோளாறு இருந்த பெண்களிடம் முன்னெச்சரிக்கையாக எடுத்த கருக்குழாய்களில் புற்றுக்கு முந்தைய மாற்றங்களைக் கண்டார்கள். அப்புறம் பாஸ்டனில் கிறிஸ்டோபர் கிரம் என்ற பேத்தாலஜி டாக்டரின் குழு, குழாயின் நுனியை, பாசி நுனி மாதிரி விரல் விரலாக இருக்குமே, அதை முழுவதும் சீவிப் பார்க்கும் முறையைக் கொண்டுவந்தது. அதற்கு முன்னால் பேருக்கு ஒன்றிரண்டு துண்டு வெட்டிப் பார்த்துவிட்டு மிச்சத்தைத் தூக்கிப் போட்டுவிடுவார்களாம். முழுக்கப் பார்த்ததும்தான், சினைப்பைப் புற்றில் மோசமான வகை பெரும்பாலும் அந்த நுனியில் தொடங்குகிறது என்பது பிடிபட்டது. புது மெஷின் இல்லை, புது மருந்து இல்லை. வெட்டுகிற இடத்தை மாற்றினார்கள். அக்கா இதைச் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்கவேண்டும். அவளும் பழைய மெழுகுக் கட்டைகளை எடுத்து மறுபடி சீவிச் சீவிப் பார்ப்பதிலேயே பாதி ஆயுசைக் கழித்துவிட்டாள்.

இந்த ஆட்களை உலகம் உடனே மதித்ததில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். கர்ப்பப்பை வாயிலிருந்து செல்களைத் துடைத்தெடுத்துப் பார்க்கிற ‘பாப் ஸ்மியர்’ பரிசோதனையைக் கண்டுபிடித்த பாபனிகோலாவ் பல வருடம் தன் மனைவியிடமே மாதிரி எடுத்துப் படித்தவர். புற்றுச் செல்லை இப்படிப் பார்க்கலாம் என்று அவர் 1928ல் சொன்னபோது யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 1943ல் டிராவுட் என்ற மகளிர் நோய் டாக்டரோடு சேர்ந்து புத்தகம் போட்டபிறகுதான் திரும்பிப் பார்த்தார்கள். அவருக்கே 15 வருடம். நம்ம விழாக்குழுவுக்கு இன்னும் டைம் இருக்கிறது.

“இவ்வளவு படிச்சவ ஊருல வந்து கிளினிக் போட்டிருக்கலாமே” என்று ஒருவர் கமெண்டில் கேட்டிருந்தார். நியாயமான வருத்தம்தான். ராத்திரி வலி வந்தால் பாம்பன் பாலத்தைத் தாண்டி ஓடுகிற ஊர் நமக்கு. ஆனால் கிளினிக்கில் எடுக்கும் சதையை யார் பார்ப்பது? அதற்கு அவரிடம் பதில் இருந்தால் சொல்லட்டும். “சொந்தக்காரி என்பதால் குதிக்கிறான்.” ஆமாம், குதிக்கிறேன். அடுத்தது.

“சின்னப் பிள்ளைக உக்காந்திருக்குதுக, அந்தப் பேச்சு வேண்டாம்.” இதைச் சொல்லித்தானே மைக்கைப் பிடுங்கினீர்கள்? அக்கா சொல்ல வாயெடுத்தது ‘கர்ப்பப்பை வாய்’ என்ற சொல்லை. அதற்கு முன்னால் இரண்டு மணி நேரம் அந்த மேடையில் ஓடிய பாட்டுகளுக்கு என்ன அர்த்தம் என்று அந்தப் பிள்ளைகளையே கேளுங்கள். அவள் சொல்ல வந்தது இதுதான்: முப்பது வயதுக்கு மேல் ஆரம்ப சுகாதார நிலையத்தில் போய்ப் பாருங்கள், காசில்லை, கர்ப்பப்பை வாயில் வினிகர் தடவிப் பார்ப்பார்கள், வலிக்காது. அதே வினிகர் பரிசோதனையை 2000லிருந்து நம்ம திண்டுக்கல் மாவட்டத்துக் கிராமங்களில் செய்து பார்த்து, 2007ல் லான்செட் என்ற மருத்துவ இதழில் எழுதினார்கள். பரிசோதனைக்கு அழைத்த கிராமங்களில், அழைக்காத கிராமங்களைவிட இந்தப் புற்றால் சாவது 35 சதவீதம் குறைந்திருந்தது. செவிலியர்கள் செய்த பரிசோதனை அது. திண்டுக்கல் பெண்களிடம் பேச முடிந்ததை நம்மிடம் பேசக்கூடாதோ?

அப்புறம் அந்தக் கிசுகிசு. “நடத்தை சரியில்லாதவளுக்குத்தான் வரும்.” எழுதியவரின் பெயரைப் போடவில்லை, அவருக்கே தெரியும். இதற்குக் காரணம் எச்.பி.வி. என்ற வைரஸ். அதைக் கண்டுபிடித்ததற்காக ஹரால்ட் சுர் ஹவுசனுக்கு 2008ல் நோபல் கொடுத்தார்கள். கல்யாணம் ஆன யாருக்கும் வரக்கூடிய, பெரும்பாலும் உடம்பே விரட்டிவிடுகிற சாதாரண வைரஸ். புருஷனிடமிருந்து வந்ததுக்குப் பெண்டாட்டியின் நடத்தையைப் பேசுகிறீர்கள். என் அம்மாவைப் பேசுகிறீர்கள் ஐயா. அம்மா ஏன் வாயைத் திறக்கவில்லை என்று எனக்கு இப்போது உங்கள் கமெண்டைப் பார்த்துத்தான் புரிகிறது.

சரி, ரொம்ப நல்லவன் மாதிரி எழுதிக்கொண்டிருக்கிறேன். அக்கா எம்.டி.யில் பேத்தாலஜி எடுத்தபோது, “பொணம் அறுக்கிற படிப்பா?” என்று பெரியம்மா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேட்டுச் சிரித்தது நான்தான். அக்காவும் சிரித்தாள். ஞாயிற்றுக்கிழமை மைக்கைக் கொடுத்துவிட்டு இறங்கியபோதும் அதே சிரிப்பைத்தான் சிரித்தாள்.

நீங்கள் போட்ட பொன்னாடையை அவள் என் வண்டியிலேயே விட்டுவிட்டு ரயில் ஏறிவிட்டாள். டிக்கியில்தான் கிடக்கிறது. வேண்டுமென்கிறவர்கள் ஐஸ் கம்பெனிக்கு வந்து வாங்கிக்கொள்ளலாம், ராத்திரி எட்டு மணி வரை இருப்பேன்.