கட்டியதைக் காப்பதற்கான பணம் எங்கே இருக்கிறது?

2025 ஜனவரி 28 அன்று ஜப்பானின் சைத்தாமா மாகாணத்தில் உள்ள யாஷியோ நகரில் ஒரு சாலைச் சந்திப்பு திடீரென்று உள்வாங்க, அவ்வழியே வந்த லாரி குழிக்குள் விழுந்தது. ஓட்டுநரைக் காப்பாற்ற முடியவில்லை. சாலைக்கு அடியில் சென்ற பெரிய கழிவுநீர்க் குழாய் அரித்துப்போய், அந்த ஓட்டை வழியாகச் சுற்றியிருந்த மண் இறங்கியதால் ஏற்பட்ட பள்ளம் அது. கழிவுநீரிலிருந்து கிளம்பும் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவை, குழாயின் ஈரமான உட்சுவரில் வாழும் நுண்ணுயிரிகள் கந்தக அமிலமாக மாற்றுகின்றன. அந்த அமிலம் ஆண்டுக்கணக்கில் கான்கிரீட்டைத் தின்கிறது. 1983-இல் பயன்பாட்டுக்கு வந்த குழாய் அது. அது உடைந்ததால் ஏறத்தாழ 12 லட்சம் மக்களிடம், குளிப்பதையும் துணி துவைப்பதையும் முடிந்தவரை குறைத்துக்கொள்ளுமாறு அதிகாரிகள் கேட்டுக்கொள்ள நேர்ந்தது.

தேசிய உள்கட்டமைப்பு என்றாலே துறைமுகம், விரைவுச்சாலை, அதிவேக ரயில் என்றுதான் நாம் பேசுகிறோம். வீட்டுவசதி அதிலிருந்து பிரிந்து, ஏதோ சமூகநலத் துறையின் காரியம்போல் தனியே நிற்கிறது. ஆனால் யாஷியோவில் உடைந்த குழாய் எங்கே வந்து முடிந்தது என்று பாருங்கள்: லட்சக்கணக்கான வீடுகளின் குளியலறையில். வீடு, அதன் தெரு, தெருவுக்கு அடியில் ஓடும் குழாய், அந்தக் குழாய் போய்ச் சேரும் சுத்திகரிப்பு நிலையம் ஆகிய எல்லாம் ஒரே அமைப்பின் பகுதிகள். இவற்றை வெவ்வேறு அமைச்சகங்களும் வெவ்வேறு ஒப்பந்ததாரர்களும் பார்த்துக்கொள்வது நிர்வாக வசதிக்காக மட்டுமே. ஐந்து மாடிக் கட்டடங்களை இடித்துவிட்டு அதே இடத்தில் முப்பது மாடி எழுப்பும் மறுமேம்பாட்டுத் திட்டங்களில், வரைபடத்தில் எல்லாம் புதிதாக இருக்கும். மண்ணுக்குக் கீழே பழைய குழாய் பல மடங்கு சுமையைத் தாங்கிக்கொண்டிருக்கும். அதைப் பற்றி விளம்பரப் பலகையில் ஒரு வரிகூட இருக்காது.

என் கருத்து இதுதான். ஒரு குடியிருப்பின் எதிர்காலத்தை அதைக் கட்டுவதற்குச் செலவிட்ட தொகை தீர்மானிப்பதில்லை. கட்டிய மறுநாளிலிருந்து அதைப் பராமரிக்கும் பணம் எங்கிருந்து வருகிறது, யாருடைய கையில் இருக்கிறது என்பதுதான் தீர்மானிக்கிறது.

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் 1950-களில் கட்டப்பட்ட புரூயிட்-ஐகோ குடியிருப்பு இதற்கு நல்ல சான்று. தலா 11 மாடிகள் கொண்ட 33 கட்டடங்கள். 1954-இல் மக்கள் குடியேறத் தொடங்கினார்கள். 1972-இல் வெடிவைத்துத் தகர்க்கத் தொடங்கி, சில ஆண்டுகளில் முழுவதையும் தரைமட்டமாக்கினார்கள். நவீனக் கட்டடக்கலையே தோற்றுவிட்டது என்று அப்போது சொன்னார்கள். ஏழைகளுக்கு அடுக்குமாடி ஒத்துவராது என்றும் சொன்னார்கள். உண்மையில் நடந்தது இதைவிடச் சலிப்பூட்டும் கதை. கட்டுவதற்கான பணத்தை மத்திய அரசு கொடுத்தது. பராமரிப்பைக் குடியிருப்போரின் வாடகையிலிருந்தே பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது ஏற்பாடு. அதே காலத்தில் நகரமே காலியாகிக்கொண்டிருந்தது. 1950-இல் எட்டரை லட்சத்துக்கு மேல் இருந்த செயின்ட் லூயிஸின் மக்கள்தொகை 1970-இல் ஆறே கால் லட்சத்துக்குக் கீழே இறங்கியது. வசதியானவர்கள் புறநகருக்குப் போக, நிறவெறி போட்ட கோட்டுக்குள் அடைபட்ட ஏழைக் கறுப்பின மக்கள்தான் பெரும்பாலும் அந்தக் கட்டடங்களில் மிஞ்சினார்கள். வீடுகள் காலியாகும்போது வாடகை குறைகிறது, வாடகை குறையும்போது பழுதுபார்ப்பு நிற்கிறது, பழுதுபார்ப்பு நின்றதும் இன்னும் சிலர் வெளியேறுகிறார்கள். இந்தச் சுழலிலிருந்து எந்த வரைபடத்தாலும் ஒரு கட்டடத்தைக் காப்பாற்ற முடியாது. 1969-இல் குடியிருப்போரே வாடகை கொடுக்க மறுத்துப் போராடினார்கள் என்பதை, அவர்களைக் குறைசொன்னவர்கள் வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

அந்தக் கட்டடங்களில் செலவைக் குறைப்பதற்காகச் செய்த ஒரு காரியம், மின்தூக்கி எல்லா மாடிகளிலும் நிற்காதபடி வடிவமைத்தது. 1, 4, 7, 10 ஆகிய மாடிகளில் மட்டுமே அது நிற்கும். மற்றவர்கள் இறங்கிப் படிக்கட்டில் நடக்க வேண்டும். இருண்ட படிக்கட்டுகளும் பழுதடைந்த மின்தூக்கிகளும் அந்த இடத்தின் கெட்ட பெயருக்குப் பெரிய காரணமாயின. இதே குறை சிங்கப்பூரின் பழைய வீட்டுவசதிக் கழகக் கட்டடங்களிலும் இருந்தது. அங்கேயும் சிக்கனத்துக்காகச் சில மாடிகளில் மட்டும் மின்தூக்கி நிற்கும்படிதான் கட்டியிருந்தார்கள். குடியிருப்போருக்கு வயதானது, முழங்கால் வலியோடு இரண்டு மாடி ஏறி இறங்குவது அன்றாடப் பிரச்சினையானது. 2001-இல் மின்தூக்கி மேம்பாட்டுத் திட்டம் தொடங்கப்பட்டு, தொழில்நுட்பமும் செலவும் இடம் கொடுத்த கட்டடங்களில் எல்லா மாடிகளிலும் நிற்கும்படி மாற்றினார்கள். பழைய சுவரை ஒட்டி மின்தூக்கிக்கான புதிய கோபுரம் எழுந்த கட்டடங்களை வெளியிலிருந்து பார்த்தாலே அடையாளம் தெரியும். ஒரே பிழை, ஒரு நாட்டில் வெடிமருந்துக்கும் இன்னொரு நாட்டில் திருத்தத்துக்கும் வழிவகுத்தது.

சிங்கப்பூரை எடுத்துக்காட்டாகச் சொன்னதும், சின்ன நாடு, நிலம் முழுவதும் அரசின் கையில், அங்கே எதையும் செய்யலாம் என்பார்கள். அதில் உண்மை இருக்கிறது. 99 ஆண்டுக் குத்தகை முடியும்போது அந்த வீடுகளின் மதிப்பு என்னவாகும் என்ற கவலையும் அங்கே தீர்ந்துவிடவில்லை. ஆனாலும் மற்ற நாடுகள் அங்கிருந்து எடுத்துக்கொள்ளக்கூடிய ஒரு பழக்கம் உண்டு. குடியிருப்போர் மாதந்தோறும் கட்டும் பராமரிப்புக் கட்டணத்தில் ஒரு பகுதியை நகர மன்றம் தனி நிதியாக ஒதுக்கிவைக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. மின்தூக்கியை மாற்றுவது, கூரையைச் சீராக்குவது, வெளிச்சுவருக்கு வண்ணம் பூசுவது போன்ற, எப்போது வரும் என்று முன்கூட்டியே தெரிந்த பெரிய செலவுகளுக்கான பணம் அது. அக்கம்பக்கப் புதுப்பிப்புத் திட்டமோ வீட்டு மேம்பாட்டுத் திட்டமோ ஓரிடத்துக்கு வர வேண்டுமென்றால், தகுதியுள்ள குடும்பங்களில் குறைந்தது 75 விழுக்காட்டினர் ஒப்புக்கொள்ள வேண்டும். யாரையும் கேட்காமல் அறிவிப்பு ஒட்டும் முறையோடு இதை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

இடிப்பதுதான் மலிவு என்ற வாதத்தை நான் எளிதில் நம்புவதில்லை. 2003-இல் பிரான்ஸ், புறநகரின் பெரிய அடுக்குமாடிகளை இடித்துப் புதிதாகக் கட்டும் மாபெரும் திட்டத்தைச் சட்டமாகவே கொண்டுவந்தது. அந்தச் சூழலில் ஆன் லகாத்தோன், ழான்-ஃபிலிப் வஸ்ஸால் என்ற இரு கட்டடக் கலைஞர்களும் தங்கள் கூட்டாளிகளோடு அதற்கு நேர் எதிரான நிலையை எடுத்தார்கள். போர்தோ நகரின் கிராண்ட் பார்க் பகுதியில் 1960-களைச் சேர்ந்த மூன்று கட்டடங்கள், மொத்தம் 530 வீடுகள். அவற்றின் முகப்பில் முன்கூட்டியே தயாரித்த சட்டகங்களை நிறுத்தி, ஒவ்வொரு வீட்டுக்கும் கண்ணாடி போட்ட முன்கூடமும் பால்கனியும் சேர்த்தார்கள். சிறிய சன்னல்கள் இருந்த இடத்தில் தரைவரை இறங்கும் கதவுகள் வந்தன. வேலை நடந்தபோது குடியிருந்தவர்கள் வீட்டைக் காலிசெய்ய வேண்டியிருக்கவில்லை. இதில் எனக்கு முக்கியமாகப் படுவது கட்டடக்கலை அல்ல. வேலை முடிந்தபோதும் அதே மனிதர்கள் அதே வீட்டில் இருந்தார்கள் என்பது. குடியிருப்புப் புதுப்பிப்பு என்று சொல்லிவிட்டு, அங்கே முன்பு வாழ்ந்தவர்களை நகரத்தின் எல்லைக்கு அனுப்பினால், புதுப்பிக்கப்பட்டது நிலத்தின் விலை மட்டுமே.

எல்லாவற்றையும் காப்பாற்ற முடியும் என்று நான் வாதிடவில்லை. நிலநடுக்கத்தைத் தாங்காத சட்டகம், உள்ளே துருப்பிடித்து வீங்கிய கம்பி போன்றவற்றுக்கு இடிப்பதே நியாயமான தீர்வாக இருக்கலாம். புதுப்பிப்பு என்ற பெயரும் தன்னளவில் பாதுகாப்புத் தருவதில்லை. லண்டனின் 24 மாடி கிரென்ஃபெல் டவர் 2016-இல் புதுப்பித்து முடிக்கப்பட்டது. மறு ஆண்டு ஜூன் 14 அன்று, அந்தப் புதுப்பிப்பில் வெளிச்சுவரில் ஒட்டிய எரியக்கூடிய தகடுகள் வழியாகவே தீ கட்டடத்தைச் சூழ்ந்தது. 72 பேர் இறந்தார்கள். தீ ஆபத்தைப் பற்றிக் குடியிருப்போர் முன்பே எழுதியிருந்தார்கள். அங்கே பணம் இருந்தது, வேலையும் நடந்தது. வாழ்பவர்களின் பேச்சுக்குத்தான் எடை இல்லாமல் போனது.

பணத்தை ஒதுக்குவதில் அரசுகள் ஏன் இப்படித் தயங்குகின்றன என்றால், கணக்குப் புத்தகமே அப்படி அமைந்திருக்கிறது. புதிதாகக் கட்டுவது மூலதனச் செலவு. கடன் வாங்கலாம், சொத்தாகக் காட்டலாம், கல்வெட்டில் பெயர் பொறிக்கலாம். பராமரிப்பு வருவாய்ச் செலவு, அதாவது ஆண்டுதோறும் செய்யும் அன்றாடச் செலவு. நிதி நெருக்கடி வரும் ஆண்டில் முதலில் கத்தரி விழுவது அதன்மேல்தான். கத்தரித்ததன் விளைவு தெரிய இருபது ஆண்டு ஆகும் என்பதால், அதற்குள் அமைச்சரும் மாறியிருப்பார், செயலாளரும் ஓய்வுபெற்றிருப்பார். எந்தப் புதிய பாலத்துக்கோ குடியிருப்புக்கோ ஒப்புதல் தரும் அதே கோப்பிலேயே, அடுத்த ஐம்பது ஆண்டுப் பராமரிப்புக்கான தொகையும் அதைத் தரப்போகும் கணக்கும் எழுதப்பட்டிருக்க வேண்டும். அந்தப் பக்கம் வெற்றாக இருந்தால் அடிக்கல் நாட்டக் கூடாது. கடுமையாகத் தோன்றலாம், பல நல்ல திட்டங்கள் தாமதமாகலாம். அந்தத் தாமதத்தை நான் ஏற்கிறேன்.

பரிசோதனையைக் கட்டாயமாக்கினால் போதும் என்று நினைப்பவர்களும் உண்டு. ஜப்பானில் 2012 டிசம்பரில் சசாகோ சுரங்கப்பாதையின் மேற்கூரைப் பலகைகள் சரிந்து 9 பேர் இறந்த பிறகு, சாலைப் பாலங்களையும் சுரங்கங்களையும் ஐந்தாண்டுக்கு ஒருமுறை அருகில் சென்று கண்ணால் பார்த்துச் சோதிக்க வேண்டும் என்று 2014-இல் விதி வந்தது. சோதித்ததை நான்கு நிலைகளாகத் தரம்பிரித்துப் பதிவுசெய்கிறார்கள். நல்ல விதிதான். ஆனால் பல சிறிய ஊராட்சிகளில் அந்தப் பதிவேட்டைப் படித்து முடிவெடுக்கக்கூடிய கட்டுமானப் பொறியாளர் ஒருவர்கூட இல்லை. மோசம் என்று தரம்பிரித்த பாலத்தைச் சீராக்கப் பணமில்லாமல், போக்குவரத்தை நிறுத்திவிட்டுக் காத்திருக்கும் ஊர்களும் இருக்கின்றன. பெரிய திட்டங்களை அறிவிக்கும் ஒவ்வொரு அரசிடமும் கேட்க வேண்டிய கேள்வி இப்போதைக்கு இதுதான்: ஏற்கெனவே இருக்கும் குழாயையும் பாலத்தையும் மின்தூக்கியையும் பார்த்துக்கொள்ள உங்களிடம் எத்தனை பொறியாளர்கள் நிரந்தரப் பணியில் இருக்கிறார்கள், அந்தப் பணியிடங்களில் எத்தனை காலி?